கர்ணனுக்கு எழுதப்படும் மறுமுடிவுகள்: தொலைக்காட்சி மகாபாரதமும் ரசிகர் புனைகதைகளும்

ஏற்கெனவே உள்ள ஒரு கதையின் மாந்தர்களையும் களத்தையும் எடுத்துக்கொண்டு, அக்கதையை விரும்பியவர்கள் தாமே எழுதும் புதிய கதை ரசிகர் புனைகதை எனப்படும். இளைஞர் வழக்கில் இது ஃபேன் ஃபிக்‌ஷன். ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சி 2013 செப்டம்பர் முதல் 2014 ஆகஸ்ட் வரை இந்தியில் ஒளிபரப்பிய மகாபாரதம், 2013 அக்டோபரிலிருந்து தமிழ்க் குரலில் விஜய் தொலைக்காட்சியில் வந்தது. அதே ஆண்டில் சன் தொலைக்காட்சியும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தனியாக ஒரு மகாபாரதத்தை ஒளிபரப்பியது. இத்தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கைப்பேசியிலும் இணையத்திலும் எழுதத் தொடங்கியபோது, அவர்களை மிகுதியாக ஈர்த்த இணைகளுள் ஒன்று கர்ணனும் அர்ச்சுனனும். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒருவனுக்கு அது தெரியாது. மற்றவனுக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. கதை எழுத விரும்பும் எவருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்!

இக்கதைகளை இலக்கியமே அல்ல என்று ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்கத் தேவையில்லை என்பதும், அதேவேளை இவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதைத்திருப்பம் கர்ணனுக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு அவனுக்கு எதிராகவே முடிகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

மரபில் இது புதியதா?

புதியதன்று. வியாச பாரதத்தில் இல்லாத அல்லியையும் பவளக்கொடியையும் அர்ச்சுனனுக்கு மனைவியராக்கி, அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை என நெடுங்கதைப் பாடல்களாகப் பாடியவர்கள் தமிழர்கள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்நூல்கள் மலிவு அச்சில் ஊர் ஊராகச் சென்றன. மதுரையை ஆளும் அல்லி ஆண்களை அண்டவிடாதவள். அர்ச்சுனன் அவளைச் சூழ்ச்சியால் மணக்கிறான். மூலக்கதைக்கு வெளியே, மூலக்கதையின் மாந்தரை வைத்து, கேட்பவர் ஆசைக்கேற்ப நீட்டிய கதை என்பதில் இதற்கும் இன்றைய ரசிகர் புனைகதைக்கும் என்ன வேறுபாடு? அச்சில் வந்த நாவல்களிலும் இது நடந்திருக்கிறது. கல்கி பொன்னியின் செல்வனை முடித்த இடத்திலிருந்து விக்கிரமன் நந்திபுரத்து நாயகியைத் தொடங்கினார். அதை யாரும் ரசிகர் புனைகதை என்று அழைப்பதில்லை. தொடர்ச்சி என்றே சொல்கிறோம்.

பகைகொண்ட உடன்பிறந்தார் கதையில் தோற்றவன் பக்கம் நிற்கும் வழக்கமும் பழையதே. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள வாலீசுவரர் கோயில் வாலி சிவனை வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. இராமாயணத்தில் அம்பு பட்டு வீழ்ந்தவனுக்கு இந்த ஊர் தன் பெயரையே கொடுத்திருக்கிறது. காவிரியின் இரு கரைகளிலும் இந்தப் பங்கீட்டை இன்னும் தெளிவாகக் காணலாம். தஞ்சாவூர் மாவட்டத்தில் வடகரையிலுள்ள வடகுரங்காடுதுறை வாலி வழிபட்ட தலம் எனவும், தென்கரையிலுள்ள தென்குரங்காடுதுறை சுக்கிரீவன் வழிபட்ட தலம் எனவும் சொல்லப்படுகின்றன. அண்ணனுக்கு ஒரு கரை, தம்பிக்கு ஒரு கரை. இன்றைய ரசிகர்கள் கர்ணன் கட்சி, அர்ச்சுனன் கட்சி என்று பிரிந்து நிற்பதைக் கண்டு வியப்பவர்கள் இந்தத் தலவரலாறுகளையும் நினைத்துப் பார்க்கலாம்.

கம்பன் சேர்த்தது

வாலி – சுக்கிரீவன் பகையைக் கம்பன் கையாண்ட விதம், பழைய கதையை மாற்றி எழுத நினைக்கும் எவருக்கும் பாடமாகக் கூடியது. மாயாவியைத் துரத்திக்கொண்டு பிலத்துக்குள் வாலி நுழைகிறான். வெளியே காத்திருந்த சுக்கிரீவன் அண்ணன் இறந்தான் என்று கருதி வாயிலை அடைத்துவிடுகிறான். திரும்பி வந்த வாலி தம்பியை விரட்டி, அவன் மனைவியையும் கவர்ந்துகொள்கிறான். இந்தப் பகையின் காரணத்தைக் கம்பன் மாற்றவில்லை. மறைந்து நின்று இராமன் அம்பு தொடுத்ததையும் மாற்றவில்லை. வாலி இராமனைக் கேட்கும் கேள்விகளைக் கூர்மையாகவே கேட்கவிடுகிறார்.

அவர் கூட்டியது அதன்பின் வரும் சில வேண்டுகோள்களை. தம்பி மதுவுண்டு மயங்கித் தவறு செய்தாலும் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விடாதே என்கிறான் வாலி. உன் தம்பியர் இவனை, அண்ணனைக் கொல்வித்தவன் என்று இகழ்ந்தால் அதைத் தடுக்க வேண்டும் என்றும் கேட்கிறான். இறந்துகொண்டிருப்பவன், தன்னைக் கொல்வித்த தம்பி நாளை எந்தச் சொல்லால் குத்தப்படுவான் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதற்கு மருந்து தேடுகிறான். சண்டை பொய் ஆகவில்லை. யார் செய்ததும் சரி ஆகவில்லை. ஆனாலும் அன்பு வந்துவிட்டது. தாரையையும் கம்பன் அப்படியே மாற்றினார். வான்மீகத்தில் அவள் பின்னர் சுக்கிரீவனோடு வாழ்கிறாள். கம்பனில் அவள் கைம்மைக் கோலத்தில் வந்து நிற்கிறாள். சினத்தோடு வந்த இலக்குவன் அவளைக் கண்டு தன் தாயரை நினைத்துத் தலைகவிழ்கிறான்.

இதையே கும்பகருணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் இடத்திலும் பார்க்கிறோம். தம்பி அழைக்கிறான், அண்ணன் வர மறுக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், எதிரெதிர்ப் பக்கத்தில் சாகவும் வாழவும் போகிறார்கள். ரசிகர் புனைகதையில் இச்சந்திப்பு எழுதப்பட்டிருந்தால் அண்ணன் கட்டாயம் மனம் மாறியிருப்பான் என்றே தோன்றுகிறது.

தொலைக்காட்சி என்ன செய்தது?

எழுதப்பட்ட பாரதத்தில் கர்ணன் வராத பக்கங்கள் மிகுதி. தொடரில் அவன் பேசாமல் நின்றாலும் படக்கருவி அவன் முகத்துக்குப் போகிறது. சபையில் ஒருவர் ஒன்று சொன்னால், அங்கிருக்கும் ஒவ்வொருவர் முகமும் தனித்தனியே காட்டப்பட்டு, அதற்கேற்ற இசையும் ஒலிக்கிறது. இந்த உத்தியைக் கேலி செய்வோர் பலர். ஆனால் எழுத விரும்பும் இளம் பார்வையாளருக்கு இதுதான் வாசல். அகம் ஷர்மா நடித்த கர்ணனும் ஷாகிர் ஷேக் நடித்த அர்ச்சுனனும் ஒருவரையொருவர் பார்க்கும் சில நொடிகளில் வசனம் இல்லை. வசனம் இல்லாத இடத்தில் பார்ப்பவர் தம் வசனத்தை எழுதிக்கொள்கிறார். அமெரிக்கத் தொடரான சூப்பர்நேச்சுரல் 2005 முதல் 2020 வரை ஓடியபோது, அதன் இரு சகோதரர்களைப் பற்றியும் ரசிகர்கள் குவியல் குவியலாக இப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் எழுதுவதையே அத்தொடர் தன் கதைக்குள் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டது.

தொடர் செய்த இன்னொன்று, அவமதிப்புகளை அடுக்கியது. சுயம்வரத்தில் தேரோட்டி மகனை மணக்கமாட்டேன் என்று திரௌபதி சொல்லும் காட்சி பார்வையாளர் நெஞ்சில் தங்கிவிட்ட ஒன்று. புனேயில் பண்டார்க்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பு, இந்த மறுப்பைத் தன் முதன்மைப் பாடத்தில் சேர்க்கவில்லை. அதாவது இதுவும் யாரோ பிற்காலத்தில் சேர்த்த ஒன்றாகவே இருக்கலாம். மூலம் என்று நாம் கருதும் நூலுக்குள்ளேயே முன்னோர் எழுதிய சேர்க்கைகள் கலந்துள்ளன.

உண்மை முன்பே தெரிந்திருந்தால்

கர்ணன் – அர்ச்சுனன் கதைகளில் பல வகைகள் உண்டு. காயம்பட்டவனை மற்றவன் பேணும் கதை, இருவரும் இக்காலத்தில் ஒரே கல்லூரியில் படிக்கும் கதை, மறுபிறவிக் கதை எனப் பலவாறு எழுதுகிறார்கள். இவற்றுள் மிகவும் விரும்பப்படுவது, குந்தி உண்மையை முன்பே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. பெரும்பாலும் கதை அரங்கேற்ற மேடையில் தொடங்கும். கிருபர் கர்ணனிடம் குலம் கேட்கிறார். மூலத்தில் மயங்கி விழும் குந்தி இங்கே எழுந்து நிற்கிறாள். இவன் என் மகன் என்கிறாள். சபை திகைக்கிறது, பீமன் தலைகுனிகிறான், அர்ச்சுனன் ஓடிவந்து அண்ணன் காலில் விழுகிறான். அதன்பின் சூதாட்டம் இல்லை, போர் இல்லை, அபிமன்யு சாவதில்லை.

இதை எழுதுபவரின் துயரம் உண்மையானது. ஒரு சொல் சொல்லியிருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்களே என்ற எண்ணம் பாரதம் கேட்ட ஒவ்வொருவருக்கும் வந்திருக்கும். ஆனால் இந்தக் கதையில் கர்ணன்மேல் வீசப்பட்ட இழிசொல்லுக்கு என்ன பதில் கிடைக்கிறது? தேரோட்டி மகனுக்கு வில் எதற்கு என்று கேட்டார்கள். இவன் தேரோட்டி மகன் அல்லன் என்பது பதில். அப்படியானால் உண்மையிலேயே தேரோட்டிக்குப் பிறந்தவனாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி சரியாகிவிடும் அல்லவா? பிறப்பை வைத்து ஒருவனைத் தாழ்த்தியது தவறு என்று கதை சொல்லவில்லை. ஆள் மாறிப்போனதுதான் தவறு என்கிறது. சாதிச் சான்றிதழ் வந்து சேர்ந்ததும் சபை எழுந்து நின்று வணங்குகிறது. பீமன் வருந்துவது தான் சொன்ன சொல்லுக்காக அல்ல, சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டதற்காக.

இக்கதைகளில் காணாமற்போகும் ஒருவர் அதிரதர். ஆதிபருவத்தில் அந்த அரங்கேற்றக் காட்சியின் உச்சமே அவர்தான். துரியோதனன் அப்போதுதான் கர்ணனுக்கு அங்கநாட்டு முடி சூட்டியிருக்கிறான். வியர்த்து, நடுங்கி, கோலூன்றிக்கொண்டு கிழவர் ஒருவர் உள்ளே வருகிறார். கர்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அபிடேக நீர் இன்னும் காயாத தலையோடு அவரை வணங்குகிறான். அவர் கண்ணீர் அந்தத் தலையை மறுபடியும் நனைக்கிறது. இதைப் பார்த்துத்தான் பீமன் சிரிக்கிறான், குதிரைச் சவுக்கை எடுத்துக்கொள் என்கிறான். அரசனான அதே நேரத்தில், அத்தனை பேர் முன்னிலையில், தேரோட்டியை அப்பா என்று அழைத்தவன் கர்ணன். குந்தி எழுந்து நின்று உரிமை கோரும் மறுகதையில் இந்தக் கிழவர் எந்தப் பக்கம் போவார்? பெரும்பாலான கதைகள் அவரை நன்றியோடு வழியனுப்பிவைக்கின்றன. சில அவரை மறந்தேவிடுகின்றன.

முக்கியமான செய்தி ஒன்று: இந்த ‘என்ன ஆகியிருக்கும்’ என்ற கேள்வியை மூலமே கேட்டு, கர்ணன் வாயாலேயே பதிலும் சொல்லிவிட்டது. உத்தியோக பருவத்தில் தூது வந்து திரும்பும் கண்ணன், கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டுபோய் பிறப்பு உண்மையைச் சொல்கிறான். மூத்தவன் நீ, அரியணை உனக்கு, தம்பியர் ஐவரும் உன் காலடியில் இருப்பார்கள் என்கிறான். கர்ணன் மறுக்கிறான். என்னைக் கண்டவுடன் ராதைக்குப் பால் சுரந்தது. என் மலசலத்தைத் துடைத்தவள் அவள். அதிரதர் எனக்குப் பெயரிட்டு, சூதர் குலத்திலேயே பெண் எடுத்து மணமுடித்தார். எனக்கு அங்கே பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள். மண் முழுவதும் கொடுத்தாலும் இந்த உறவை அறுக்க முடியாது என்கிற பொருளில் பேசுகிறான். தருமனிடம் இதைச் சொல்லிவிடாதே, சொன்னால் அவன் நாட்டை எனக்குத் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் கேட்டுக்கொள்கிறான்.

ஆக, உண்மை தெரிந்தால் கர்ணன் பாண்டவர் பக்கம் வந்துவிடுவான் என்பது ரசிகரின் ஆசை. கர்ணனின் முடிவு அதுவன்று. அவனுக்குத் தாய் ராதை, தந்தை அதிரதர். அவனை ராதேயன் என்றழைப்பது இழிவு என்று எண்ணி, கௌந்தேயன் என்று திருத்த முனையும் கதை அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மூலத்தை இங்கே முழுக்கத் தூயதாகக் காட்டவும் முடியாது. கவசகுண்டலத்தோடு பிறந்தவன், கதிரவன் மகன் என்பதால்தான் இவனுக்கு இத்தனை ஆற்றல் என்ற குறிப்பு பாரதம் முழுவதும் ஓடுகிறது. திறமைக்குக் காரணம் இரத்தமே என்று காவியமும் சொல்லத்தான் செய்கிறது. ரசிகர் புனைகதை அந்த இழையைப் பிடித்துக்கொள்கிறது. தேரில் அமர்ந்து சொன்ன மறுப்பு என்ற மற்றோர் இழையை விட்டுவிடுகிறது.

கூத்தும் திரையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய கடலூர், விழுப்புரம் பகுதிகளிலும் திரௌபதியம்மன் கோயில்கள் உண்டு. திரௌபதி வழிபாடு வேரூன்றிய வட தமிழகத்து ஊர்களில் தீமிதிக்கு முன் பாரதம் படிப்பதும், இரவில் கூத்து ஆடுவதும், மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நடத்துவதும் வழக்கம். கூத்தில் பதினேழாம் நாள் போர், கர்ண மோட்சம் என்ற பெயரில் ஆடப்படுகிறது. அதில் கர்ணனுக்கு எதிரே நிற்பவர்களுள் முதன்மையானவள் அர்ச்சுனன் அல்ல, மனைவி பொன்னுருவி. குலம் தாழ்ந்தவன் என்று நம்பி, கணவனைத் தீண்டவிடாதவள் அவள். போருக்குப் புறப்படுபவன் விடைபெற வந்து நிற்கிறான். வியாசரில் இல்லாத இப்பெண்ணை உருவாக்கி, சபையில் கேட்ட சொல்லை வீட்டுக்குள்ளும் கேட்கவைத்தவர்கள் கூத்தைப் படைத்தவர்கள். குலப்பெருமை எத்தனை ஆழத்தில் இறங்கியிருக்கும் என்பதை ஊரார் முன்னிலையில், விடியும்வரை, நகைச்சுவையும் அழுகையும் கலந்து காட்டுகிறது கூத்து. ரசிகர் புனைகதை இதுவரை எட்டாத துணிச்சல் இது.

மணிரத்னத்தின் தளபதி (1991) ரசிகர் புனைகதைக்குரிய எல்லா இலக்கணமும் பொருந்திய படம்: இக்காலக் களம், பழைய மாந்தர், மாற்றிய முடிவு. ரஜினிகாந்தின் சூர்யா கர்ணன், மம்மூட்டியின் தேவராஜ் துரியோதனன், மாவட்ட ஆட்சியராக வரும் அரவிந்த்சாமியின் அர்ஜுன் யாரென்று பெயரே சொல்லிவிடுகிறது. அர்ஜுன் தன் தம்பி என்று தெரிந்த பின்னும் சூர்யா தேவராஜை விட்டுப் போகாத இடத்தில், உத்தியோக பருவத்து மறுப்பு அப்படியே உயிரோடு இருக்கிறது. படத்தின் பலமான பகுதி அதுவே. முடிவில் சகோதரர்கள் சேர்வதற்குத் தேவராஜ் சாக வேண்டியிருக்கிறது. அந்த விலையைப் படம் மறைக்கவில்லை, அதிகம் பேசவும் இல்லை.

மாரி செல்வராஜின் கர்ணன் (2021) வேறு வழியில் போனது. தனுஷ் நடித்த இளைஞனுக்கு மறைக்கப்பட்ட பிறப்பு எதுவும் இல்லை. எந்தக் குந்தியும் வந்து அவனை உயர்ந்த குலத்தவன் என்று அறிவிப்பதில்லை. ஒடுக்கப்பட்ட ஊரில் பிறந்தவன் அந்த ஊர்க்காரனாகவே வாளெடுக்கிறான். துரியோதனன் என்ற பெயர் ஊர்ப் பெரியவருக்கும், கண்ணபிரான் என்ற பெயர் கொடுமை செய்யும் காவல் அதிகாரிக்கும் போகிறது. அர்ச்சுனனோடு உள்ள உறவுச் சிக்கலை இந்தப் படம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். உடன்பிறந்தார் பகை பற்றிய கதையாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் சான்றிதழ் இல்லாமலே கர்ணனுக்கு நியாயம் கேட்க முடியும் என்பதைக் காட்டிய மறுஆக்கம் இது.

எழுத வேண்டிய இடங்கள்

சகோதரர்களைச் சேர்த்துவைக்கக் கூடாது என்பதல்ல இங்கே சொல்வது. வாலி சுக்கிரீவனுக்காகப் பேசியதைப் போல, பகையின் காரணம் அப்படியே இருக்கும்போது வரும் அன்புக்குத்தான் கனம் உண்டு. இரகசியத்தைத் தகர்த்துவிட்டு வரும் அன்புக்கு உழைப்பே இல்லை. அண்ணன் என்று தெரிந்தவுடன் அர்ச்சுனன் காலில் விழுவது உறவுமுறைக்குச் செய்யும் மரியாதை. அண்ணன் என்று தெரியாமலே, தேரோட்டி மகன் என்றே எண்ணிக்கொண்டு, இவன் என்னைவிடச் சிறந்த வில்லாளியோ என்று அர்ச்சுனன் ஒரு இரவு தூங்காமல் கிடந்தால் அது கதை. நன்றாக எழுதப்பட்ட ரசிகர் புனைகதைகள் பெரிய முடிவுகளை மாற்றாமல் இத்தகைய சிறிய இரவுகளைத் தேடிப்போகின்றன. அவற்றுக்கு வாசகர் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு: அவை ஆறுதல் தருவதில்லை.

போருக்குப் பின் கர்ணன் யாரென்று தெரியவந்த அர்ச்சுனனும் அதிகம் எழுதப்படாதவன். தருமன் அழுகிறான், பெண்களைச் சபிக்கிறான். கொன்றவன் அர்ச்சுனன், தேர்ச்சக்கரம் புதைந்திருந்தபோது கொன்றவன். அவன் என்ன செய்தான் என்பது பற்றிக் காவியம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதன்பின் அவன் நெடுநாள் வாழ்ந்தான்.

வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் குந்தியிடம் கர்ணன் கேட்கும் வரம் ஒன்றைச் சேர்த்தார். போரில் நான் இறந்தால் என்னை மடியில் கிடத்தி, எல்லோரும் அறிய, பால் கொடுக்க வேண்டும் என்பது அது. பதினேழாம் நாள் களத்தில் குந்தி வந்து அப்படியே செய்கிறாள். பாண்டவர்களுக்கு உண்மை வெளிப்படுகிறது. தமிழில் கர்ணன் கதைக்குக் கிடைத்த மிக உருக்கமான சேர்க்கை இதுவே எனலாம். அந்தக் களத்துக்கு ராதை வரவில்லை. கண்டவுடன் பால் சுரந்தவள் அவள். குந்தி மடியில் கிடத்தியிருக்கும் உடலுக்கு எதிரே அவள் வந்து நின்றால், அங்கே சுற்றி நிற்கும் ஐந்து தம்பியரும் யார் பக்கம் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்பது இன்னும் எழுதப்பட வேண்டிய காட்சி.